கடப்பாக்கத்து மாணவருக்கு ஒப்பந்தச் சட்டம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கடப்பாக்கத்தில் நீதிமன்றம் கிடையாது. பெரிய வழக்கென்றால் மதுராந்தகத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போக வேண்டும்; பத்திரம் பதியச் செய்யூர் போக வேண்டும். ஆனால் ஒப்பந்தங்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. சவுக்குத் தோப்பை வெட்டு விலைக்குப் பேசி முடிக்கிறார்கள். தென்னந்தோப்பைக் காய்க் குத்தகைக்கு விடுகிறார்கள். படகு இன்ஜினுக்கு வியாபாரி கொடுத்த முன்பணம் பிடித்து வரும் மீனில் கழிகிறது. சாலையோர மனைக்கு அட்வான்ஸ் கைமாறுகிறது. இவற்றில் பாதிக்கு மேல் காகிதமே கிடையாது. காகிதம் இருக்கிற இடத்திலும் அது இருபது ரூபாய் முத்திரைத்தாளில் அவசரமாக எழுதியதாகவே இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒருவர் சட்ட உதவியாளர் படிப்புக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பெயர் வக்கீல் குமாஸ்தா. இன்று சான்றிதழ்ப் படிப்பு, டிப்ளமோ என்று அதற்குப் பல வாசல்கள் வந்துவிட்டன. வேலை மட்டும் பெரிதாக மாறவில்லை. கட்சிக்காரரிடம் விவரம் கேட்டுக் குறிப்பெடுப்பது, ஆவணங்களைத் தேதிவாரியாக அடுக்குவது, வில்லங்கச் சான்றும் நகலும் வாங்குவது, வாய்தா டைரி எழுதுவது, பிராதின் முதல் வரைவுக்கு வேண்டியதை வக்கீல் மேசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. வாதாடுவதும் கருத்துரை சொல்வதும் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டப்படி பதிவுபெற்ற வழக்கறிஞரின் உரிமை. உதவியாளர் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது.

இவருக்கு ஒப்பந்தச் சட்டத்தை எங்கிருந்து தொடங்கிச் சொல்லித் தருவது என்பதுதான் இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி. பாடநூல்கள் முன்மொழிவில் தொடங்கி ஏற்பு, மறுபயன், தகுதி, சம்மதம் என்று நடந்து, இழப்பீட்டை எட்டும்போது பருவம் முடிந்துவிடும். லண்டன் புகைக்குண்டு விளம்பர வழக்கும் (1893), கல்கத்தா மைனர் அடமான வழக்கும் (1903) மனப்பாடம் ஆகியிருக்கும். அலுவலகத்தில் முதல் நாள் ஒருவர் பழுப்பேறிய ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டும்போது அந்த வரிசை கைகொடுப்பதில்லை. என் கணிப்பில் உதவியாளர் படிக்க வேண்டிய அடிப்படைகள் இரண்டு. ஒன்று, சம்மதம் எப்படி வாங்கப்பட்டது. மற்றொன்று, எந்தத் தேதியில் என்ன நடந்தது. மீதியெல்லாம் இந்த இரண்டையும் ஒட்டி வந்து சேரும்.

சட்டத்தின் உருவத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1872-ஆம் ஆண்டின் 9-ஆவது சட்டம் இது. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. முதலில் 266 பிரிவுகள் இருந்தன. சரக்கு விற்பனை பற்றிய 76 முதல் 123 வரையிலான பிரிவுகள் 1930-ல் தனிச் சட்டமாகப் பிரிந்துபோயின. கூட்டாண்மை பற்றிய 239 முதல் 266 வரையிலானவை 1932-ல் போயின. ஆகவே இன்றைய புத்தகத்தில் 75-க்கு அடுத்து 124 வருவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம், அச்சுப்பிழை இல்லை. முதல் 75 பிரிவுகள் பொதுவிதிகள். பிறகு ஈட்டுறுதி, ஜாமீன், ஒப்படைப்பு, பொருள் அடகு, முகவாண்மை ஆகியவை.

அநேகமாக எல்லாரும் தாண்டிப் போய்விடும் முதல் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. சட்டத்தோடு முரண்படாத வணிக வழக்கங்களை இச்சட்டம் பாதிக்காது என்கிறது அது. கடற்கரை ஊருக்கு இந்த வரி முக்கியமானது. கரையில் ஏலம் போகும் மீனுக்குக் கழிவு எவ்வளவு, எடை யாருடையது, பணம் எப்போது என்பதெல்லாம் எழுதப்படாத வழக்கங்கள். அவை நீதிமன்றத்தில் செல்லும், நிரூபித்தால். அந்த நிரூபணத்துக்கு யாரைச் சாட்சியாக அழைக்கலாம் என்ற பட்டியலை உதவியாளர்தான் தயாரிக்க வேண்டியிருக்கும்.

எழுத்தில் இல்லாத பேச்சு செல்லுமா என்பதுதான் ஊரில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. பத்தாவது பிரிவு எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. தகுதியுள்ளவர்கள், சுதந்திரமான சம்மதத்தோடு, சட்டத்துக்கு உட்பட்ட மறுபயனுக்காக, சட்டம் அனுமதிக்கும் நோக்கத்துக்காகச் செய்துகொண்ட உடன்பாடு ஒப்பந்தம் ஆகும். வேறொரு சட்டம் எழுத்தையோ பதிவையோ கேட்டால் மட்டும் அது வேண்டும். அந்த "வேறொரு சட்டம்" எப்போது குறுக்கே வரும் என்பதைத் தோப்புகளை வைத்தே கற்றுக்கொள்ளலாம். பதிவுச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு, வெட்டுக்கு நிற்கும் மரத்தையும், விளைந்து நிற்கும் பயிரையும், மரத்தில் உள்ள காய்கனியையும், மரத்தில் ஊறும் சாற்றையும்கூட அசையும் சொத்து என்கிறது. பனைமரக் கரைக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. ஆக, இன்னும் ஒரு மாதத்தில் வெட்டப்போகும் சவுக்கை விற்பது அசையும் பொருள் விற்பனை, பதிவு வேண்டாம். அதே நிலத்தில் நுழைந்து, மரத்தை வளரவிட்டு, பல ஆண்டுகள் பலனை அனுபவிக்கும் உரிமை தரப்பட்டால் கதை வேறு. அது நிலத்தோடு ஒட்டிய உரிமை; அசையாச் சொத்தின் கணக்கில் சேரும். 1958-ல் சாந்தாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத்தான் பேசியது. வெட்டும் நோக்கம் உடனடியானதா, மரம் மண்ணிலிருந்து இன்னும் ஊட்டம் எடுத்து வளர வேண்டியதா என்பதே அளவுகோல். கட்சிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதிலிருந்தே கிடைக்கிறது: "எப்போ வெட்டுறதா பேசினீங்க?"

மறுபயன் என்ற பாடத்துக்கு இங்கிலாந்து போக வேண்டியதில்லை. 1882-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த சின்னய்யா எதிர் ராமய்யா வழக்கு போதும். ஒரு மூதாட்டி தன் மகளுக்கு நிலத்தைத் தானமாக எழுதிக் கொடுத்தார். தன் உடன்பிறந்தார்க்குத் தான் கொடுத்துவந்த ஆண்டுத்தொகை 653 ரூபாயை இனி மகள் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அன்றே மகளும் அப்படிக் கொடுப்பதாக அவர்களுக்குத் தனியே எழுதிக் கொடுத்தார். பிறகு கொடுக்கவில்லை. வழக்கு வந்தபோது, "அவர்கள் எனக்கு எதுவும் தரவில்லையே, நான் ஏன் கொடுக்க வேண்டும்" என்பதே எதிர்வாதம். இங்கிலாந்துச் சட்டப்படி அந்த வாதம் நின்றிருக்கும். இந்தியச் சட்டத்தின் 2(d) பிரிவோ வாக்குறுதி பெற்றவர் "அல்லது வேறு எவராவது" கொடுத்த மறுபயனும் போதும் என்கிறது. தாய் கொடுத்த நிலமே மறுபயன். மகள் தோற்றார்.

நூற்று நாற்பது ஆண்டு ஆன பிறகும் இந்த வழக்கு செங்கல்பட்டுப் பக்கத்துக் குடும்பங்களில் உயிரோடு இருக்கிறது. மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதி, தங்கைக்கு இவ்வளவு கொடு, அம்மாவை வைத்துக் காப்பாற்று என்று வாயால் சொல்லிவிட்டுப் போகும் தகப்பனார்கள் எத்தனை பேர்! 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பராமரிக்காதபோது ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது என்பதற்கே சாட்சி தேட வேண்டும். பத்திர வரைவில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி நினைவூட்டும் உதவியாளர், அவர் அறியாமலே சின்னய்யா வழக்கைப் பயன்படுத்துகிறார்.

இனிச் சம்மதம். இங்கேதான் அதிகம் நிற்க வேண்டும். 1889-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ரங்கநாயகம்மா எதிர் ஆழ்வார் செட்டி வழக்கைப் படித்தவர்களுக்கு "சுதந்திரமான சம்மதம்" என்ற சொற்றொடர் வெறும் வரையறையாக இருக்காது. கணவன் இறந்துகிடக்கிறான். மனைவிக்கு வயது 13. ஒரு பையனைத் தத்தெடுக்கச் சம்மதித்தால்தான் பிணத்தை எடுக்கவிடுவோம் என்று உறவினர்கள் நிற்கிறார்கள். அவள் சம்மதித்தாள். அந்தச் சம்மதம் சம்மதமே அல்ல என்று நீதிமன்றம் தத்தை ஒதுக்கித் தள்ளியது. கத்தியைக் காட்டினால்தான் வற்புறுத்தல் என்பதில்லை. பிணத்தை வாசலில் வைத்துக்கொண்டு கேட்டாலும் அது வற்புறுத்தல்தான்.

அடுத்தது 1917-ல் தீர்ந்த சிக்கம் அம்மிராஜு எதிர் சிக்கம் சேஷம்மா. தன் சகோதரருக்குச் சொத்தை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதாவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன் என்று ஒருவர் மனைவியையும் மகனையும் மிரட்டினார். எழுதிக் கொடுத்தார்கள். தற்கொலை மிரட்டல் 15-ஆவது பிரிவின்படி வற்புறுத்தலா? அந்தப் பிரிவு, இந்திய தண்டனைச் சட்டம் தடைசெய்த செயலைச் செய்வதாக மிரட்டுவதை வற்புறுத்தல் என்கிறது. தற்கொலை செய்துகொண்டவரைத் தண்டிக்க முடியாது என்பதால் அது தடைசெய்யப்பட்டதே அல்ல என்று நீதிபதி ஓல்ட்ஃபீல்ட் மாறுபட்டார். தண்டிக்க முடியாவிட்டாலும் தடை தடைதான் என்று பெரும்பான்மை சொன்னது. பத்திரம் விழுந்தது.

நூறாண்டாக இந்தத் தீர்ப்பைக் கேள்வியே கேட்காமல் ஒப்பித்து வருகிறோம். இன்று கேட்க வேண்டிய காரணம் வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. தற்கொலை முயற்சியைப் பொதுவாகத் தண்டித்த பழைய 309-ஆவது பிரிவு அதில் இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டுமே 226-ஆவது பிரிவில் குற்றமாக எஞ்சியிருக்கிறது. அப்படியானால், மனைவியை மிரட்டும் கணவனின் தற்கொலைப் பேச்சு "தடைசெய்யப்பட்ட செயல்" என்ற சட்டகத்துக்குள் இன்னும் வருமா? எனக்கு அது சந்தேகமாகவே படுகிறது. வராவிட்டாலும் 16-ஆவது பிரிவின் தகாத செல்வாக்கு இருக்கிறது. ஒருவர் மற்றவரின் மனத்தை ஆட்டிவைக்கும் இடத்தில் இருந்தாரா, அந்த இடத்தைப் பயன்படுத்தி நியாயமற்ற ஆதாயம் அடைந்தாரா என்று அது பார்க்கும். வரைவு எழுதும்போது இரண்டு பிரிவையும் சேர்த்தே வைப்பது நல்லது என்று வக்கீலுக்கு நினைவூட்டும் அளவுக்கு உதவியாளர் இதைத் தெரிந்து வைத்திருக்கலாம்.

கைநாட்டு வைத்தவர்களின் வழக்கு இன்னொரு வகை. அடமானப் பத்திரம் என்று சொல்லித் தானப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கினால் என்ன ஆகும்? 1968-ல் நிங்கவ்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நுட்பமான கோடு போட்டது. பத்திரத்தின் தன்மையைப் பற்றியே பொய் சொன்னால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது. தன்மை தெரிந்து, உள்ளே எழுதிய விவரத்தில் மட்டும் ஏமாற்றப்பட்டால் அது ஏமாந்தவர் விரும்பினால் ரத்தாகக்கூடியது, அதுவரை செல்லும். இந்த வேறுபாடு காலக்கெடுவையே மாற்றும். ஆகவே வயதான அம்மாவிடம் குறிப்பெடுக்கும்போது "ஏமாத்திட்டாங்க" என்பதோடு நிறுத்தக்கூடாது. "என்ன பத்திரம்னு சொன்னாங்க? யார் படிச்சுக் காட்டினாங்க? பெருவிரல் வைக்கும்போது பக்கத்துல யார் நின்னாங்க?" என்று போக வேண்டும். பதில்களை அவர் பேசிய சொற்களிலேயே எழுதி வைக்க வேண்டும். நம் சட்டத் தமிழில் மாற்றி எழுதினால் பிறகு குறுக்கு விசாரணையில் அவரே அந்த வார்த்தையை அடையாளம் தெரியாமல் விழிப்பார்.

மைனர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதினெட்டு நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-லேயே பிரிவி கவுன்சிலில் முடிந்த சங்கதி. குடும்பச் சொத்து விற்பனையில் வருவது வேறு சிக்கல். இந்து மைனரின் சொத்தை இயற்கைக் காப்பாளரே விற்றாலும், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எட்டாவது பிரிவின்படி நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அந்த அனுமதி இல்லாத விற்பனையை மைனர் வயதுக்கு வந்தபின் மூன்றாண்டுக்குள் ரத்து செய்யக் கேட்கலாம். தாய்ப் பத்திரத்தில் "மைனருக்காக அம்மா" என்ற வரி கண்ணில் பட்டால் அனுமதி உத்தரவைத் தேட வேண்டும்.

தேதிக்கு வருவோம். கடற்கரைச் சாலை வந்த பிறகு இந்தப் பகுதியின் பெரிய ஒப்பந்த வழக்கு கிரய ஒப்பந்த வழக்குதான். நிலம் விற்பதாகக் கரார் எழுதி அட்வான்ஸ் வாங்குவார்கள். விலை ஏறும். விற்கிறவர் பின்வாங்குவார். வாங்குகிறவர் "ஏற்றதை ஆற்றுக" என்று வழக்குப் போடுவார். காலவரம்புச் சட்டத்தின் 54-ஆவது இனப்படி கெடு மூன்றாண்டு: ஒப்பந்தத்தில் நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து, குறிக்காவிட்டால் மறுப்புத் தெரிந்த நாளிலிருந்து. மூன்றாண்டு இருக்கிறதே என்று இரண்டே முக்கால் ஆண்டு சும்மா இருப்பவர்கள்தான் தோற்கிறார்கள்.

கே.எஸ். வித்யாநாதம் எதிர் வைரவன் வழக்கு இதற்கு நல்ல பாடம். மதுரையில் ஒரு வீடு. 1978 டிசம்பர் 15-ல் 60,000 ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம். அட்வான்ஸ் 5,000. ஆறு மாதத்துக்குள் மீதியைக் கொடுத்துக் கிரயம் முடிக்க வேண்டும். வாங்குகிறவர் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு 1981-ல் நோட்டீஸ் விட்டார். வழக்குக் கெடுவுக்குள் தாக்கலானதுதான். 1997-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குக் கிரயம் தர மறுத்தது. நகரச் சொத்தின் விலை நாளுக்கு நாள் ஏறும் காலத்தில், ஒப்பந்தத்தில் எழுதிய ஆறு மாதத்துக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பது அதன் காரணம்.

2011-ல் வந்த சாரதாமணி கந்தப்பன் தீர்ப்பு நமக்கு இன்னும் நெருக்கமானது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து நிலம் பற்றியது. 1981 ஜனவரி 17-ல் ஒப்பந்தம். மீதித் தொகையைக் குறித்த தேதிகளில் தவணையாகக் கட்ட வேண்டும். மூலப் பத்திரம் பற்றிய தகராறைச் சொல்லி வாங்குகிறவர் தவணையை நிறுத்தினார். விற்கிறவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். முப்பதாண்டு கழித்து உச்ச நீதிமன்றம் சொன்னது: கிரயம் எழுதும் நாளுக்குக் காலம் முக்கியமில்லாமல் இருக்கலாம், பணம் கட்டும் தேதிகளுக்குக் காலமே உயிர். அசையாச் சொத்தில் காலம் பெரிதல்ல என்ற பழைய கொள்கையே விலை நிலையாக இருந்த காலத்தில் பிறந்தது, அதை மறுபடி யோசிக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சேர்த்தது. சாலையோர மனை விலையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

பிறகு 2018-ல் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறை. அதுவரை கிரயம் எழுதித் தர உத்தரவிடுவது நீதிமன்றத்தின் விருப்புரிமை. திருத்தத்துக்குப் பிறகு அது பொதுவிதி போல ஆயிற்று. இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் நிம்மதி அடைந்துவிடக்கூடாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றத் தான் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததாக நிரூபிக்கும் கடமை 16(c) பிரிவில் அப்படியே இருக்கிறது. தயார் என்பது பணம்; விருப்பம் என்பது நடத்தை. வங்கிக் கணக்கு அறிக்கை, முத்திரைத்தாள் வாங்கிய ரசீது, சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் காத்திருந்த நாள், அனுப்பிய நோட்டீஸ், திரும்பி வந்த ஒப்புகை அட்டை. இவற்றைத் தேதி வரிசையில் ஒரே பக்கத்தில் எழுதித் தரும் உதவியாளர் பாதி வழக்கை முடித்துவிடுகிறார். அந்தப் பக்கத்தில் எட்டு மாதம் வெற்றாக இருந்தால் அதுவும் வக்கீலுக்கு முதல் நாளே தெரிந்துவிட வேண்டும்.

பதிவு பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். தமிழ்நாடு 2012-ல் பதிவுச் சட்டத்தைத் திருத்தி, அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அசையாச் சொத்தின் கிரய ஒப்பந்தத்துக்கும் பதிவைக் கட்டாயமாக்கியது. இன்றும் பதியாத ஒப்பந்தங்களோடு கட்சிக்காரர்கள் வருகிறார்கள். அது குப்பையா? இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஆர். ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 49-ஆவது பிரிவின் வரம்புரையின்படி பதியாத கிரய ஒப்பந்தத்தையும் ஏற்றதை ஆற்றுக வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. ஆனால் அந்தத் தாளைக் காட்டி, சுவாதீனத்தில் இருக்கிறேன் என்று சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 53A பாதுகாப்பைக் கேட்க முடியாது. அதற்கு 2001 முதல் பதிவு வேண்டும். பவர் பத்திரம் மட்டும் வாங்கிக்கொண்டு மனை வாங்கிவிட்டதாக நினைப்பவர்களுக்கு 2011-ன் சூரஜ் லாம்ப் தீர்ப்பைச் சொல்ல வேண்டும்: பவரால் உரிமை மாறாது.

புரோநோட்டுக்கும் தேதிதான் உயிர். கடன் வாங்கிய நாளிலிருந்து மூன்றாண்டு. அதற்குள் கொஞ்சம் பணம் வரவு வைத்துப் பின்பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அந்த நாளிலிருந்து புதிய மூன்றாண்டு. எழுத்துக் கடன்பட்டவருடையதாகவோ கையெழுத்து அவருடையதாகவோ இருக்க வேண்டும். கடன் கொடுத்தவரே எழுதிக்கொண்ட வரவு செல்லாது. மூன்றாண்டு முடிந்த மறுநாள் வாங்கிய ஒப்புகைக் கையெழுத்தால் கெடு உயிர்த்தெழாது. ஆனால் முடிந்த பிறகும் "இந்தக் கடனைக் கொடுக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவு அதைப் புதிய ஒப்பந்தமாகவே ஏற்கிறது. ஒப்புக்கொள்வதற்கும் கொடுக்கிறேன் என்பதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பழைய குமாஸ்தாக்கள் உறக்கத்திலும் சொல்வார்கள். இன்னொன்று: ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டாத புரோநோட்டை, மற்ற ஆவணங்களைப் போல அபராதம் கட்டிச் சரிசெய்ய முடியாது.

சம்மதமும் தேதியும் சரியாக இருந்தாலும் நோக்கம் சட்டவிரோதமானால் ஒப்பந்தம் செல்லாது என்கிற 23-ஆவது பிரிவைப் பாடநூல், சூதாட்டம், லஞ்சம், கடத்தல் என்று உதாரணம் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். செங்கல்பட்டு மாவட்டத்தில் அந்தப் பிரிவுக்கு வேறு வரலாறு உண்டு. 1891-ல் மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர் இங்குள்ள பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பு, கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாகப் படியாளாகக் கட்டுண்டு கிடந்தவர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தது. அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் 1843-லேயே போய்விட்டது. ஆனால் ஒப்பந்தம் என்ற பெயரில் அது தொடர்ந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் மாஜிஸ்திரேட் தண்டிக்கலாம் என்ற 1859-ஆம் ஆண்டுச் சட்டமும் 1925-ல் ரத்தாகும்வரை இருந்தது. ஒப்பந்தச் சுதந்திரம் பற்றிப் பாடம் நடத்துபவர்கள் இந்த ஆண்டுகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. முன்பணத்துக்காக ஒருவர் வேறெங்கும் போகாமல், குறைகூலிக்கோ கூலியின்றியோ உழைக்கக் கட்டுப்பட்டிருந்தால் அந்த ஒப்பந்தம் ஐந்தாவது பிரிவின்படி செல்லாது. ஆறாவது பிரிவு கடனையே அழித்துவிடுகிறது. வட தமிழகத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் தோப்புகளிலும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்ட செய்திகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறோம். ஒரு முதலாளி "அட்வான்ஸ் வாங்கிட்டு ஓடிட்டான், கேஸ் போடணும்" என்று அலுவலகத்துக்கு வந்தால், எவ்வளவு, எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்வதோடு உதவியாளர் வேலை முடியவில்லை. கூலி எவ்வளவு, குடும்பத்தில் எத்தனை பேர் வேலை செய்தார்கள், ஊருக்குப் போகவிட்டார்களா என்ற விவரங்களும் அந்தக் குறிப்பில் இருந்தால், யார் யார் மேல் வழக்குப் போட வேண்டும் என்பதே தலைகீழாகலாம்.

டிரமென்ஹீர் குறிப்பின் தொடர்ச்சியாக 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதே பஞ்சமி நிலம். பத்தாண்டு வரை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது; அதன் பிறகும் அந்த மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலங்களுக்காகப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். ஆகவே மனை ஒப்பந்தம் ஒன்றைப் பார்க்கும்போது இன்றைய பட்டாவோடும் வில்லங்கச் சான்றோடும் நிற்காமல் பழைய 'அ' பதிவேடு வரை போக வேண்டும். வில்லங்கம் சுத்தமாக இருந்தும் நிலம் பஞ்சமியாக இருக்கலாம். அப்படியிருந்தால் எவ்வளவு அழகாக எழுதிய கிரய ஒப்பந்தமும் 23-ஆவது பிரிவில் போய் முட்டி நிற்கும்.

நிறைவேற்ற முடியாமல் போவது பற்றிய 56-ஆவது பிரிவைப் புயல் வரும் கரையில் எல்லாரும் அளவுக்கு மீறி நம்புகிறார்கள். குத்தகைக்கு அது பொருந்தாது என்று 1968-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோப்போ உப்பளமோ வெள்ளத்தில் நிரந்தரமாகப் பயனற்றுப் போனால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108(e) பிரிவில் குத்தகைக்காரர் விலகிக்கொள்ளலாம். சட்டமே மாறி நோக்கம் தடைப்படுவது வேறு. 1996 டிசம்பர் 11-ல் எஸ். ஜெகந்நாத் வழக்கில் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைகளைத் தடைசெய்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பண்ணைகளை நம்பி எழுதிய ஒப்பந்தங்களுக்கு அடியில் இருந்த மண்ணே சரிந்தது.

இழப்பீட்டில் 73, 74 இரண்டும் போதும். "தவறினால் இருமடங்கு" என்று எழுதிவிட்டால் இருமடங்கு கிடைத்துவிடாது. எழுதிய தொகை உச்சவரம்பு, நியாயமான இழப்பீடே கிடைக்கும் என்பது 1963-ன் ஃபதே சந்த் தீர்ப்பிலிருந்து வரும் நிலை. அட்வான்ஸ் பறிமுதலாகுமா என்பது, அது ஒப்பந்தத்தை உறுதி செய்யக் கொடுத்த பணமா, விலையில் ஒரு பகுதியா என்பதைப் பொறுத்தது. தாளில் "முன்பணம்" என்று மட்டும் எழுதிவிட்டு இரண்டு பேரும் இரண்டு விதமாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது பேரம் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டது. தோப்பு வியாபாரி குரல் செய்தியில் விலை சொல்கிறார். உரிமையாளர் கட்டைவிரல் குறி ஒன்றை அனுப்புகிறார். ஜிபேயில் அட்வான்ஸ் வந்து விழுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10A பிரிவு, மின்னணு வழியில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது என்கிறது. அதை நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் வேண்டும்: போனின் விவரம், பதிவின் ஹேஷ் மதிப்பு, போனை வைத்திருப்பவரின் கையெழுத்து, நிபுணரின் கையெழுத்து. கட்சிக்காரர் போனை மாற்றுவதற்கு முன்பு, உரையாடலை அழிப்பதற்கு முன்பு இதை முடித்தாக வேண்டும். செய்தி வந்த நாளும் நேரமும் திரையில் தெரியும்படி முதலில் பிரதி எடுத்துக்கொண்டு, அதன்பிறகு கதை கேட்க உட்காரலாம்.